டரான்டுலா சிலந்தி வளர்க்க ஆசையா? வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க! | முழு விவரம்

2021 ஜூலை மாதத் தொடக்கம். போலந்து நாட்டிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு பார்சல் மீது விமான நிலைய சுங்கத்துறை அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு தெர்மாகோல் பெட்டி. அதற்குள் சில்வர் ஃபாயிலும் பஞ்சும் சுற்றிய 107 சின்ன பிளாஸ்டிக் குப்பிகள். குப்பிக்கு ஒன்றாக, 107 சிலந்திகள். எல்லாமே உயிரோடு!

பார்சல் போக வேண்டிய முகவரி விருதுநகர் மாவட்டம் அருப்புக்கோட்டை. வனவிலங்கு குற்றத் தடுப்புப் பிரிவு அதிகாரிகளும், இந்திய விலங்கியல் ஆய்வு மைய விஞ்ஞானிகளும் வந்து பார்த்தார்கள். அவை டரான்டுலா வகை என்றும், சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை என்றும் சொன்னார்கள். இறக்குமதி உரிமமும் இல்லை, சுகாதாரச் சான்றிதழும் இல்லை. சிலந்திகள் போலந்துக்கே திருப்பி அனுப்பப்பட்டன.

அருப்புக்கோட்டை வரைக்கும் பார்சல் போகிற அளவுக்கு இந்த ஆசை பரவியிருக்கிறது என்றால், சென்னையைச் சொல்லவே வேண்டாம். விமான நிலையத்துக்கு எதிரில் இருக்கும் திரிசூலத்திலிருந்து தாம்பரம் நாலாவது ஸ்டேஷன்தான். நடுவில் இருக்கும் பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போனால் புறா, கோழி, முயல், கலர் மீன் என்று வளர்ப்புப் பிராணிகளைத் தேடி வரும் கூட்டத்தைப் பார்க்கலாம். மீன் தொட்டியில் ஆரம்பித்த ஆசை, இன்ஸ்டா ரீல்ஸ் பார்த்துப் பார்த்து இகுவானா, பாம்பு, சிலந்தி வரைக்கும் வந்து நிற்கிறது.

டரான்டுலாவை வளர்ப்பது கஷ்டமா? உண்மையைச் சொன்னால், ரொம்ப கஷ்டம் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்து வாங்குவதுதான் கஷ்டம். இரண்டையும் பார்ப்போம், வாங்க.

டரான்டுலா என்றால் என்ன?

பெரிய உடம்பு, உடம்பு முழுக்க ரோமம், தடித்த கால்கள். 'தெரபோசிடே' என்ற குடும்பத்தைச் சேர்ந்த சிலந்திகளைத்தான் டரான்டுலா என்கிறோம். உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன.

இத்தாலியில் டரான்டோ என்ற ஊர் இருக்கிறது. அங்கே இருந்த வேறொரு சிலந்திக்குத்தான் முதலில் இந்தப் பெயர். பிறகு ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கண்டத்துக்குப் போனபோது, அங்கே பார்த்த பெரிய ரோமச் சிலந்திகளையும் அதே பெயரால் கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது.

நம் வீட்டு மூலையில் ஒட்டடை கட்டும் சிலந்தி மாதிரி இவை வலை பின்னி இரை பிடிப்பதில்லை. வளைக்குள்ளோ மரப்பொந்திலோ பதுங்கியிருந்து, பக்கத்தில் வரும் பூச்சி மேல் பாயும். எட்டு கண் இருந்தும் பார்வை மோசம். கால் ரோமங்களில் படும் அதிர்வை வைத்துத்தான் உலகத்தைத் தெரிந்துகொள்கிறது.

இது வெளிநாட்டுச் சிலந்தி மட்டும்தானா?

இல்லை. இந்தியாவும் இலங்கையும் டரான்டுலாவுக்குப் பேர் போன இடங்கள். 'பொய்சிலோதீரியா' என்ற அழகான மரச் சிலந்தி இனம் உலகத்திலேயே இந்த இரண்டு நாடுகளில் மட்டும்தான் இயற்கையாக வாழ்கிறது.

சென்னையிலிருந்து மும்பை போகும் ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வரும் பெரிய ஜங்ஷன் அரக்கோணம். அங்கே கிடைத்த சிலந்தியை வைத்து 1899ல் 'பொய்சிலோதீரியா ரீகாலிஸ்' என்ற வகைக்குப் பெயர் வைத்தார் பிரிட்டிஷ் விலங்கியலாளர் போகாக். அதே பாதையில் இன்னும் போனால் ஆந்திராவின் கூத்தி. அங்கே ரயில்வே மரக்கட்டை யார்டில் கிடைத்ததுதான் 'பொய்சிலோதீரியா மெட்டாலிகா'. பளபளக்கும் நீல நிறம். இதற்கும் அதே 1899ல் போகாக்தான் பெயர் வைத்தார்.

ஆனால் கூத்தி அதன் சொந்த ஊர் இல்லை என்று கருதப்படுகிறது. மரக்கட்டையோடு ரயிலில் வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. நூறு வருஷம் கழித்து, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையே உள்ள காட்டில்தான் அது மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அது 'மிக மோசமான அழிவு அபாயத்தில்' இருக்கும் உயிரினம். இன்னொரு பக்கம், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிலந்தி வளர்ப்பவர்களிடம் ரொம்பப் பிரபலமான வகைகளில் இதுவும் ஒன்று!

தமிழ்நாட்டுக்கும் சொந்தச் சிலந்தி உண்டு. ராமேஸ்வரத்தில் இருக்கும் ஒரு அனுமன் கோயிலின் பெயரால் 2004ல் 'பொய்சிலோதீரியா ஹனுமாவிலாசுமிகா' என்று பெயர் வைக்கப்பட்டது. பழைய தோப்புகளில் மரப்பொந்தில் வாழும் இதுவும் அழிவின் விளிம்பில்தான் இருக்கிறது. இலங்கையின் வடக்கே மாங்குளம் பகுதியில் கிடைத்த பெரிய சிலந்தி, 2012ல் புது வகையாக விவரிக்கப்பட்டது. ஆய்வுக்குழுவுக்கு உதவிய ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரின் நினைவாக அதற்கு 'ராஜேயி' என்று பெயர்.

சென்னைக்கும் பங்கு இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லி, 1935ல் ஒரு சின்ன டரான்டுலாவுக்கு வைத்த பெயர் 'மதராசபட்டனஸ்'. ஆமாம், நம்ம மதராசப்பட்டினம்தான்!

சட்டம் என்ன சொல்கிறது?

இதுதான் முக்கியமான பகுதி. ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடாதீங்க.

முதலில் 'சைட்ஸ்'. அழியும் நிலையில் இருக்கும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இது. மெக்சிகோவின் சிவப்பு முட்டிச் சிலந்தி உள்ள 'பிராக்கிபெல்மா' இனம் பல வருஷங்களாகவே இதன் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த மாநாட்டில், நம் ஊர் பொய்சிலோதீரியா இனம் முழுவதும் அதே பட்டியலில் சேர்க்கப்பட்டது. பட்டியலில் இருந்தால் அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு விட்டு நாடு அனுப்பக் கூடாது.

இரண்டாவது, இறக்குமதி. பட்டியலில் இல்லாத வகையாகவே இருந்தாலும், வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பிராணியை ஆன்லைனில் ஆர்டர் போட்டு வரவழைக்க முடியாது. வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும், சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், விலங்குத் தனிமைப்படுத்தல் துறையின் அனுமதியும் வேண்டும். அந்தத் துறையின் சென்னை நிலையம் வேறெங்கும் இல்லை, நம்ம பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. 2021 பார்சலில் இல்லாமல் போனது இந்தக் காகிதங்கள்தான்.

மூன்றாவது, வீட்டில் வைத்திருப்பது. முன்பு, வெளிநாட்டு உயிரினம் நாட்டுக்குள் வந்துவிட்டால் அதைக் கேட்க ஆளில்லை என்ற நிலைமை இருந்தது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் 2022ல் செய்த திருத்தம் அதை மாற்றியது. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் இந்தத் திருத்தத்தில், சைட்ஸ் உயிரினங்களுக்காகவே நான்காம் அட்டவணை இருக்கிறது. அதில் உள்ள எந்த உயிரினத்தை வைத்திருந்தாலும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.

எப்படிப் பதிவு செய்வது என்ற விதிகள் 2024 பிப்ரவரி கடைசியில் வந்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாதம் அவகாசம் கொடுக்கப்பட்டது. அதன் பிறகு வாங்குபவர்கள், கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய அரசின் 'பரிவேஷ் 2.0' இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குட்டி பிறந்தாலும், இறந்தாலும், இன்னொருவருக்குக் கொடுத்தாலும் அதையும் தெரிவிக்க வேண்டும்.

'எனக்கு சட்டம் தெரியாதே, இன்ஸ்டால பார்த்துத்தான் வாங்கினேன்' என்பது அதிகாரிகள் முன்னால் பதில் ஆகாது.

விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்:

• அறிவியல் பெயர் என்ன? 'ரெட் நீ', 'ப்ளூ' என்று மட்டும் சொன்னால் போதாது. சரியான பெயர் தெரியாமல் அது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று பார்க்கவே முடியாது.

• எங்கே பிறந்தது? வளர்ப்பில் பிறந்தது என்றால், தாய்ச் சிலந்தியின் பதிவு எங்கே?

• பில்லும், உரிமை மாற்றக் காகிதமும் தருவீர்களா?

• குட்டியா, வளர்ந்ததா? முழுசா வளர்ந்த சிலந்தியை 'நேத்துதான் வந்துச்சு, சீப்பா தர்றேன்' என்றால் காட்டில் பிடித்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

'பேப்பர் எல்லாம் எதுக்கு ப்ரோ, பஸ்ல போட்டு விடுறேன், வந்து எடுத்துக்கோங்க' என்று பதில் வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். சட்டச் சிக்கல் உங்களுக்குத்தான் வரும், அவருக்கு ஒரு நம்பர் மாற்றினால் போதும்.

காட்டிலிருந்து பிடிக்கும் சிலந்தியால் என்ன பெரிய நஷ்டம் என்று தோன்றலாம். பெண் டரான்டுலா முட்டையிடும் வயசுக்கு வரவே பல வருஷம் ஆகும். ஒரு தோப்பில் நாலைந்து பெண் சிலந்திகளைப் பிடித்துக்கொண்டு போனால், அந்த இடத்தில் அடுத்த தலைமுறையே இல்லாமல் போகலாம். மெட்டாலிகா மாதிரி ஒரே ஒரு காட்டுப் பகுதியில் வாழும் வகைக்கு இது உயிர்ப் பிரச்சினை.

வளர்ப்பது எப்படி?

சரி, காகிதம் எல்லாம் சரியாக இருக்கிறது, பதிவும் செய்தாச்சு என்று வைத்துக்கொள்வோம். தேவையானவை ரொம்பக் கம்மி.

வீடு: பெரிய தொட்டி தேவையில்லை. தரையில் வாழும் வகை என்றால், சிலந்தி கால் விரித்து நிற்கும் நீளத்தைப் போல மூன்று மடங்கு அகலம் போதும். உயரம்தான் ஜாக்கிரதை. உயரமான தொட்டியில் ஏறிக் கீழே விழுந்தால் வயிறு கிழிந்துவிடும், பிழைப்பது கஷ்டம். மரத்தில் வாழும் வகைக்கு மட்டும் உயரமான தொட்டியும், ஒளிந்துகொள்ள மரப்பட்டையும் வேண்டும். ஒரு தொட்டிக்கு ஒரு சிலந்திதான். இரண்டைப் போட்டால் ஒன்று இன்னொன்றைச் சாப்பிட்டுவிடும்.

மண்: நர்சரியில் கிடைக்கும் கோகோ பீட் போதும். உரம் கலக்காததாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு மூடியில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

வெப்பம்: குளிர் நாடுகளில் ஹீட்டர் வைப்பார்கள். நமக்கு அது வேண்டவே வேண்டாம். இங்கே பிரச்சினை தலைகீழ். மே மாதம் மீனம்பாக்கத்தில் 40 டிகிரியைத் தாண்டும்போது மொட்டை மாடிக்குக் கீழ் அறை அடுப்பு மாதிரி இருக்கும். வெயில் படாத, காற்று வரும், வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் தொட்டியை வையுங்கள்.

சாப்பாடு: வளர்ந்த சிலந்திக்கு வாரம் ஒரு முறை, ஒன்றிரண்டு பூச்சி போதும். வளர்ப்பில் பெருக்கிய சுவர்க்கோழி, கரப்பான், புழு கொடுக்கலாம். வீட்டுக் கிச்சனில் ஓடும் கரப்பானைப் பிடித்துப் போடாதீர்கள். அது எங்கே என்ன மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ! சில சமயம் சிலந்தி மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். வயிறு சுருங்காமல் இருந்தால் பயப்பட வேண்டாம்.

கொசு மருந்து: சென்னை புறநகரில் சிலந்தி வளர்ப்பவர்கள் மறக்கக் கூடாத விஷயம் இது. கொசுவர்த்தி, பிளக்கில் மாட்டும் லிக்விட், ஸ்ப்ரே எல்லாவற்றிலும் இருப்பது பூச்சிகளின் நரம்பைத் தாக்கும் ரசாயனம். சிலந்தியையும் அது விடாது. அந்த அறையில் கொசுவலைதான் ஒரே வழி. மழைக்காலத்தில் தெருவில் மாநகராட்சி கொசுப்புகை அடிக்க வரும்போது ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

வெள்ளம்: முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு 2015ஐ ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. தரைத்தளத்தில் இருந்தால் தொட்டியைக் கீழே வைக்காதீர்கள். கிளம்ப வேண்டி வந்தால் எடுத்துப் போக, ஓட்டை போட்ட ஒரு சின்ன டப்பா தயாராக இருக்கட்டும்.

மல்லாக்கப் படுத்திருக்கு, செத்துப்போச்சா?

புதுசாக வளர்ப்பவர்கள் பதறிப்போகும் இடம் இதுதான். டரான்டுலா வளரும்போது பழைய தோலை உரிக்கும். அதற்காக மல்லாக்கப் படுத்து, மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு.

பொதுவாக, சாகும் சிலந்தி மல்லாக்கப் படுக்காது. கால்களை உடம்புக்கு அடியில் மடக்கிச் சுருண்டுகொள்ளும். எனவே மல்லாக்கக் கிடந்தால் தொடாதீர்கள், தொட்டியை நகர்த்தாதீர்கள். உள்ளே இருக்கும் பூச்சியை மட்டும் எடுத்துவிடுங்கள். தோல் உரித்த சிலந்தி ரொம்ப மென்மையாக இருக்கும், ஒரு சுவர்க்கோழியே அதைக் கடித்துக் கொன்றுவிடும். புது விஷப்பல் முதலில் வெள்ளையாக இருக்கும். அது கறுத்துக் கெட்டியாகும் வரை, ஒரு வாரம் பத்து நாளுக்குச் சாப்பாடு வேண்டாம்.

கடித்தால் உயிருக்கு ஆபத்தா?

டரான்டுலா கடித்ததால் மட்டுமே ஒரு மனிதர் இறந்தார் என்று உறுதி செய்யப்பட்ட மருத்துவப் பதிவு இல்லை. அதற்காக, ஒன்றும் ஆகாது என்று நினைக்கவும் கூடாது.

அமெரிக்கக் கண்டத்து வகைகள் பெரும்பாலும் சாது. ஆனால் பயந்தால் பின்னங்காலால் வயிற்று ரோமத்தைத் தேய்த்துக் காற்றில் விடும். தோலில் பட்டால் அரிப்பு. கண்ணில் பட்டால் பெரிய சிக்கல். 2009ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தீராத கண் சிவப்போடு ஒருவர் மருத்துவமனைக்குப் போனார். டாக்டர்கள் பார்த்தால், கருவிழிக்குள் குத்தி நின்றது அவர் வளர்த்த டரான்டுலாவின் ரோமம்!

நம் ஊர் பொய்சிலோதீரியாவுக்கு இந்த ரோம ஆயுதம் இல்லை. அதற்குப் பதில் வேகமும் விஷமும். இது கடித்தால் கடுமையான தசைப்பிடிப்பு வரும் என்றும், வலி நாள்கணக்கில் நீடிக்கலாம் என்றும் 2014ல் வெளியான மருத்துவ ஆய்வு சொல்கிறது. டரான்டுலா கடிக்கென்று தனி விஷமுறிவு மருந்து இல்லை. கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவி, நேராக மருத்துவமனைக்குப் போய், எந்த வகைச் சிலந்தி என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ரீல்ஸில் வருவது மாதிரி கையில் எடுத்து விளையாடுவது தேவையில்லாத வேலை. சிலந்திக்கு உங்களை அடையாளம் தெரியாது, தடவிக் கொடுத்தால் பாசமும் வராது. கையிலிருந்து விழுந்தால் சாகப் போவது அதுதான்.

எத்தனை வருஷம் வாழும்?

பலர் யோசிக்காத கேள்வி இது. ஆண் சிலந்தி பருவத்துக்கு வந்த பிறகு ஒன்றிரண்டு வருஷத்தில் இறந்துவிடும். சிவப்பு முட்டிச் சிலந்தி மாதிரியான வகைகளில் பெண் 20 வருஷத்துக்கு மேல் வாழும்.

தாம்பரத்தில் காலேஜ் படிக்கும்போது வாங்கினால், வேலை, கல்யாணம், வீடு மாற்றம் எல்லாம் தாண்டி உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் அது இருக்கும். ஹவுஸ் ஓனர் ஒப்புக்கொள்வாரா? நீங்கள் வெளிநாடு போனால் வாரா வாரம் பூச்சி போட அம்மா தயாரா? வாங்கும் முன்னாலேயே வீட்டில் பேசிவிடுங்கள்.

வளர்க்க முடியாவிட்டால் நன்மங்கலம் காப்புக்காட்டிலோ வண்டலூர் பக்கத்துக் காட்டிலோ கொண்டு போய் விடலாம் என்று நினைக்கவே கூடாது. வெளிநாட்டுச் சிலந்தி அங்கே பிழைக்காமல் சாகலாம். பிழைத்தால் அங்கே இருக்கும் உயிரினங்களுக்குத் தொல்லை. அதேபோல, அந்தக் காடுகளுக்குள் போய் சிலந்தி பிடித்து வருவதும் குற்றம்தான்.

வீட்டுக்குள்ள பெரிய சிலந்தி வந்தால்?

தென் சென்னைப் புறநகரில் பாத்ரூம் சுவரில் உள்ளங்கை அகலச் சிலந்தியைப் பார்த்து, 'டரான்டுலா வந்துடுச்சு' என்று அலறுபவர்கள் நிறைய. பெரும்பாலும் அது 'ஹண்ட்ஸ்மேன்' என்ற வேட்டைச் சிலந்தி. வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். தட்டையான உடம்பு, நண்டு மாதிரி பக்கவாட்டில் விரிந்த நீளக் கால்கள், சுவரில் மின்னல் வேகம் என்றால் அது வேட்டைச் சிலந்தி. சில சமயம் வயிற்றுக்கடியில் வெள்ளை வில்லை மாதிரி முட்டைப் பையைச் சுமந்துகொண்டு போகும். அது மனிதரைத் தேடி வந்து கடிக்காது. கரப்பானைத் தின்று உங்களுக்கு உதவிதான் செய்கிறது.

தடித்த உடம்பு, அடர்ந்த ரோமம், கனமான கால்கள் என்றால் டரான்டுலாவாக இருக்கலாம். துடைப்பத்தைத் தூக்காமல், தூரத்திலிருந்து போட்டோ எடுத்து வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

சுருக்கமா சொன்னா...

• சைட்ஸ் பட்டியலில் உள்ள டரான்டுலாவை வைத்திருந்தால் பரிவேஷ் தளத்தில் பதிவு கட்டாயம். புதிதாக வாங்கினால் 30 நாள் அவகாசம்.

• உரிமம் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து பார்சலில் வரவழைப்பது சட்டவிரோதம்.

• சின்னத் தொட்டி, கோகோ பீட், தண்ணீர், வாரம் ஒரு பூச்சி. பராமரிப்பு இவ்வளவுதான். கொசு மருந்து மட்டும் கூடவே கூடாது.

• மல்லாக்கப் படுத்தால் தோல் உரிக்கிறது என்று அர்த்தம். தொடாதீர்கள்.

• பெண் சிலந்தி என்றால் 20 வருஷப் பொறுப்பு.

காகிதம் காட்ட முடியாதவரிடம் வாங்கும் ஒவ்வொரு சிலந்திக்கும் பதிலாக, எங்கோ ஒரு தோப்பில் இன்னொன்றைப் பிடிக்க ஆள் கிளம்பலாம். பார்க்க மட்டும்தான் ஆசை என்றால், மழை விட்ட மறுநாள் டார்ச் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரைப் பாருங்கள். எத்தனை வகைச் சிலந்தி இருக்கிறது என்று எண்ணவே ஒரு ராத்திரி பத்தாது.